ஏழாம் சுருள்

என் வேலை சத்தம் போடுவது.
சண்டைச் சத்தமல்ல. படத்தில் யாராவது கதவைச் சாத்தினால்,
சக்கரீட்டா கல்லறைக்குப் பின்னால் இருக்கும் இந்த அறையிலிருந்துதான்
அந்தச் சத்தம் போகும்.

முத்தங்களும் நான்தான்.
இருபத்திரண்டு வருஷமாக
போனஸ் ஐரிஸின் காதலிகள் அத்தனை பேரும்
ஆன்செல்மோ கிரோகாவின் இடது மணிக்கட்டில்தான்
முத்தம் வாங்கியிருக்கிறார்கள்.

அந்த ஜூலைக் குளிரில் வந்தது லெதெஸ்மாவின் படம்.
இரண்டு நண்பர்கள். கல்லூரி விடுதியில் ஆரம்பித்துத்
தலை நரைக்கும்வரை பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.
பேச்செல்லாம் பெண்களைப் பற்றி.
பெண்களோடு பேச்சு இல்லை.

மதுக்கடை மேஜையில் தோல் குவளையைக் குலுக்கிப்
பகடை உருட்டுகிறார்கள்.
ஒவ்வொரு உருட்டலுக்கும் ஒருத்தி பேர்.
பேர் மறந்தால் ஊர். ஊரும் மறந்தால்
“அந்தப் பச்சைக் கோட்டுக்காரி.”
எலும்புப் பகடை, மாட்டுத்தோல் குவளை,
பளிங்கு மேஜைக்குப் பதில்
உடைந்துபோன ஒரு கல்லறைப் பலகை:
அருமையான சத்தம். லெதெஸ்மா தோளில் தட்டினான்.
நானும் சிரித்தேன், சொல்லிவிடுகிறேன்.
எனக்கும் ஒரு பச்சைக் கோட்டுக்காரி உண்டு.

ஏழாம் சுருள்.
கட்டில். திரை முழுக்க அவன் முதுகு.
அதற்கு அடியில் எங்கோ அவள்,
முகம் சுவர்ப் பக்கம்.
விரிப்பின் சரசரப்பு வைத்தேன். ஸ்பிரிங் கிரீச்சிட வைத்தேன்.
“அவளுக்குச் சத்தமே இல்லையே” என்றான் லெதெஸ்மா.
“அவள் போடவில்லை.”
“போடாவிட்டால், பார்க்கிறவன் இவனை என்ன நினைப்பான்?”

குரல் கொடுக்க நெலிதா வந்தாள்.
ஹீட்டர் வேலை செய்யவில்லை; கோட்டைக் கழற்றவில்லை.
கமலா ஆரஞ்சு ஒன்றை உரித்தபடி
மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தாள்.
“இவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள்?”
“ஒன்றும் நினைக்கவில்லை. சும்மா முனகு, பெண்ணே.”
முனகினாள். ஒரே தடவையில் சரியாக வந்தது.
விதையை உள்ளங்கையில் துப்பிவிட்டு, அதே மூச்சில்,
“பஸ் காசு தனிதானே?” என்றாள்.

ராத்திரி, எல்லோரும் போன பின்,
படப்பிடிப்பில் பதிந்த மூல நாடாவைப் போட்டேன்.
இரைச்சல். யாரோ இருமுகிறார்கள்.
பதினோராம் டேக். ‘கட்’ என்ற குரல்.
ஆட்களின் சிரிப்பு, காப்பிக் கோப்பைகள்.
அதற்கெல்லாம் கீழே, மைக்குக்கு எட்டியும் எட்டாமலும்,
நடிகை மீர்த்தா:
“கொஞ்சம் எழுந்திரிங்களேன்.
கை மரத்துப்போச்சு.”

பின்னோக்கிச் சுற்றினேன். மறுபடி கேட்டேன்.

என்னைக் கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை.
ஓஃபெலியாவும் சொன்னதில்லை.
கல்யாணமான புதிதில், காஸெரோஸ் வாடகை வீட்டில்,
இருட்டில், இதே வார்த்தை, இதே தணிந்த குரல்.
“ம்” என்றுவிட்டுத் தூங்கியிருப்பேன்.
பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.
கை மரப்பதில்லை போல என்று எடுத்துக்கொண்டேன்.

படத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை.
நெலிதாவின் முனகலை அப்படியே விட்டேன்.
அது ஓய்ந்து, அவன் சிகரெட் பற்றவைக்க எழும்போது,
நான்கு விநாடி,
முத்தங்கள் வாங்கிய அந்தக் கையை
மறு கையால் தேய்த்தேன்,
ரத்தம் திரும்பும்வரை தேய்க்கிற மாதிரி.
விரிப்பின் சத்தம் என்று நினைத்துக்கொண்டான் லெதெஸ்மா.

வெளியீட்டு நாளில் ஓஃபெலியாவைக் கூட்டிப்போனேன்.
பகடைக் காட்சியில் அரங்கம் அதிரச் சிரித்தார்கள் ஆண்கள்.
அவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சில பெண்கள் சிரித்தார்கள்.
ஏழாம் சுருளில் நான் திரையைப் பார்க்கவில்லை.
பக்கத்து நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தேன்.
அவள் விரல்கள் அசையவில்லை.

திரும்பும் பஸ்ஸில் “எப்படி?” என்றேன்.
கையுறையை விரல் விரலாக மாட்டிக்கொண்டே
“பகடைச் சத்தம் நல்லா இருந்தது” என்றாள்.

நாலு நிறுத்தம் தாண்டியிருக்கும்.
ஜன்னலிடம் கேட்பதுபோல்,
“அந்தப் பெண்ணுக்கு எந்தக் கை?”

“இடது.”

“எனக்கு வலது” என்றாள்.